நடுப்பொத்தான்

மருமகளின் வேலை கேள்விப் படம் கட்டுவது. அதற்குக் கம்பியூட்டர் பாஷை எழுதத் தேவையில்லையாம். திரையில் ஒரு பெட்டி போட்டு அதற்குள் கேள்வியை எழுதுவா. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு அம்புக்குறியை இழுத்து அடுத்த பெட்டியில் கொண்டுபோய்க் கொளுவுவா. கடைசிப் பெட்டியில் என்ன செய்யவேண்டும் என்று இருக்கும். டொக்டர் இல்லாத இடத்திலும் டொக்டர் மாதிரிக் கேட்குமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றனான். ஆனாலும் அது விளங்கினது.

நான் சந்தையில் மயங்கி விழுந்த பிறகு எனக்கென்று ஒன்று கட்டினா. கிளினிக் டொக்டர் சொன்னது கொஞ்சம், நான் சொன்னது கொஞ்சம்.

"தலை சுத்தினா என்ன செய்வீங்கள் மாமி?"

"அப்பிடியே கீழ இருந்திடுவன்."

"மூச்சு வாங்கினா?"

"அதுக்கும் இருந்திடுவன்."

எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டா. மகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், இவ கந்தோருக்கு வேலைக்குப் போகிறவ. பகலில் நான் தனிய. காலையில் போன் கேட்பதற்கெல்லாம் நான் பதில் பொத்தானை அமத்தவேண்டும். பச்சை வந்தால் நான் வெளியில் போகலாம், எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓடுகிற தம்பிக்கும் செய்தி போகும். வராவிட்டால் அவன் ஏற்றமாட்டான். பஸ்ஸில் ஏற என் முழங்கால் விடாது.

அந்த நேரத்தில்தான் சாம்பல்தீவில் என் அக்கா படுக்கையில் விழுந்தா. சாப்பாடு இறங்கவில்லை என்று அவவின் மகள் போன் எடுத்தாள். "பாக்கிறதெண்டால் வேளைக்கு வாங்கோ சின்னம்மா," என்றாள்.

போனில் முதல் கேள்வி, இன்றைக்கு உடம்பு எப்படி என்பது. நல்ல சுகம், பரவாயில்லை, ஏலாது என்று மூன்று பொத்தான். நான் நடுவில் உள்ளதை அமத்தினேன். வீட்டில் ஓய்வாக இருங்கள் என்று வந்தது. அடுத்த நாளும் அப்படியே. வாசல் படலையில் நின்று ஓட்டோத் தம்பியைக் கேட்டுப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்டும் வரேல்லையே அம்மா. ஏத்திக்கொண்டு போனால் உங்கட மகன் என்னைக் கிரேனில தூக்கிக் கடலுக்குள்ள விட்டிடுவார்."

சிரித்துக்கொண்டு போய்விட்டான். நான் குசினிக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். மருமகளிடம் சொல்ல வாய் வரவில்லை. என் நன்மைக்குக் கட்டினவ. களைத்து வருகிறவளிடம், உங்கட படம் என்னை அடைச்சு வைச்சிருக்கு என்று எப்படிச் சொல்வது.

அக்காவின் மகள் மறுபடி எடுத்தாள். தண்ணீரும் இப்போது கரண்டியால்தானாம். அன்று பின்னேரம் மருமகள் தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன்.

"பிள்ளை, அந்தப் படத்தை ஒருக்காக் காட்டுங்கோவன்."

திரை முழுக்கப் பெட்டியும் அம்புக்குறியும். என் பதில்கள் போன வழி மட்டும் தடிப்பாகத் தெரிந்தது. ஒரே வழி.

"ஒவ்வொரு நாளும் பரவாயில்லை எண்டுதான் அமத்தியிருக்கிறியள். ஏலாமலோ இருக்கு மாமி? ஏன் சொல்லேல்லை?"

"எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை."

"பிறகேன் நல்ல சுகத்தை அமத்தேல்லை?"

"தன்ர வாயால ஆரும் அப்பிடிச் சொல்லுவினமோ? கண்ணூறு படாதோ?"

குசினிக்குள் நின்ற மகன் சிரித்தான். "நீர் மட்டும் என்னவாம்? உம்மட அம்மா போன் எடுத்தால், ஏதோ இருக்கிறம் எண்டுதானே சொல்லுறனீர்."

மருமகள் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியை அழித்தா. எழும்பி நின்று பாருங்கோ, தலை சுத்துதோ என்று வேறொன்று எழுதினா. நான் துணிந்து இன்னொரு பெட்டியில் விரலை வைத்தேன். "முழங்கால் வீங்கினாலும் வீட்டில இருக்கச் சொல்லுது. அது எப்பவும் வீங்கித்தானே இருக்கு."

அந்த அம்புக்குறியையும் கழற்றினா. ஆனால் ஒரு மணித்தியாலத்தில் திரும்பவேண்டும் என்று முடிவில் ஒரு பெட்டியைக் கொளுவினா.

மறுநாள் பச்சை வந்தது, தம்பியும் வந்தான். சாம்பல்தீவில் அக்கா கண் திறக்கவில்லை. கரண்டியால் தண்ணீர் விட்டேன். பாதி வழிந்தது, பாதி இறங்கியது. பிறகு என் கையைப் பிடித்தா. எலும்பாய்ப் போன கைக்குள் அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பைக்குள் போன் சத்தம் போட்டது. வீட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டீர்களா என்று கேட்டது. மற்றக் கையால் இல்லை என்று அமத்தினேன். ஏன் என்று அடுத்தது வந்தது. கீழே தலைசுற்று, மூச்சு, வாகனம் இல்லை என்று மூன்று பொத்தான் மட்டும் இருந்தது. அக்கா கையை விடவில்லை.

தம்பி வாசலில் வந்து நின்றான். "அம்மா, எனக்கும் வந்திட்டுது. கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"நீங்கள் போங்கோ தம்பி. நான் இண்டைக்கு வரேல்லை."

அவன் அக்காவைப் பார்த்தான். போனைப் பார்த்தான். "உங்களை விட்டிட்டுப் போகவும் எனக்கு ஏலாது," என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இருந்தான்.