கரீம் பாய் கழற்றாத வயர்

அரூரில் மைக் செட் கரீம் பாயைப் பற்றிக் கேட்டால், பாட்டைவிட வயரைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். மற்றவர்கள் பேட்டரியைச் சார்ஜ் கடைக்குச் சுமந்து அலைய, அவர் மட்டும் தன் டிராக்டரிலிருந்து தடித்த வயர் ஒன்றை இழுத்து, டிரெய்லரில் இருந்த மைக் செட் பேட்டரியில் கோத்திருந்தார். வண்டி மலையேறுவதற்குள் சார்ஜ் ஏறிவிடும். எஞ்சினை நிறுத்தியதும் வயரைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு டிராக்டர் பேட்டரியையும் சேர்த்துக் குடித்துவிடும். இந்த ஏற்பாட்டில் பாய்க்குத் தலைகால் புரியாத பெருமை.

எண்பத்து நான்கில் சித்தேரி மலையில் ஒரு கல்யாணம். வண்டி போய் நின்றதும் நிற்காததுமாக மாப்பிள்ளையின் அண்ணன் மாதையன் ஓடிவந்தான்.

"பாய், மொதல்ல பாட்டப் போடுங்க. சோறு அப்புறம் திங்கலாம்."

பாய் எஞ்சினை நிறுத்தினார், பாட்டைப் போட்டார், வயரை மறந்தார்.

பந்தி நடக்கும்போது மாதையனின் மனைவி செல்லிக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி ராமக்காள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொழந்த குறுக்கால கெடக்குது. அரூருக்குக் கொண்டு போயிருங்க" என்றாள். பஸ் சாயங்காலம்தான். ஊரில் அன்று இருந்த ஒரே வண்டி பாயின் டிராக்டர். செல்லியை டிரெய்லரில் வைக்கோல் மேல் படுக்கவைத்தார்கள். பாய் சாவியைத் திருப்பினார். 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பாய் திரும்பி டிரெய்லரைப் பார்த்தார்; வயர் கோத்தபடியே கிடந்தது. பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"மாதையா, நான் வயரக் கழட்டலப்பா. தப்பு என்னுதுதான்."

மாதையன் கை ஓங்கிவிட்டான். அவன் அப்பா தீர்த்தகிரி அந்தக் கையைப் பிடித்தார். "அடிக்கறத அப்புறம் அடிச்சுக்கலாம். கவுத்த எடுடா."

பாதிச் சாப்பாட்டில் எழக் கூடாது என்று பிள்ளைகளை அதட்டுகிறவர்களே இலையை விட்டுச் சோற்றுக் கையோடு எழுந்து வந்தார்கள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு, டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தார்கள். எஞ்சின் உறுமி அடங்கியது. பின்னால் செல்லி அலறிக்கொண்டிருந்தாள். மறுபடி இழுத்தபோது புகை கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. அவசரமாக டிரெய்லரை மாட்டினார்கள்.

மலைப்பாதையில் எஞ்சின் நின்றால் இழுக்க ஆளில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் அல்லாவைக் கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதையன் திரும்பித் திரும்பி டிரெய்லரைப் பார்த்தபடி வந்தான்.

அரூர் ஆஸ்பத்திரி வாசலிலும் பாய் எஞ்சினை நிறுத்தவில்லை. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி, வண்டி மறுபடி கிளம்பாவிட்டால் என்ன செய்வது? நர்ஸ் வந்து திட்டிப் பார்த்தாள். அவர் இறங்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

வெகுநேரம் கழித்து மாதையன் வெளியே வந்தான்.

"பொண்ணு பொறந்துருக்குதுங்க பாய். ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. நிறுத்துங்க."

எஞ்சினை நிறுத்தும் கம்பி வரை போன பாயின் கைக்கு அதை இழுக்க வரவில்லை. மாதையனே எட்டி இழுத்தான். எஞ்சின் அடங்கிய பிறகுதான் பாய் அழுதுகொண்டிருப்பது வெளியே கேட்டது.