தும்மல்காரன்

கம்பம்மெட்டு தாண்டி, ஏலத்தோட்டங்களுக்குப் பாதை பிரியும் முக்கில் ஒரு மலையாளியின் பேக்கரி இருக்கிறது. பிஸ்கட் டின்களுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி. காசு போட்டால் திரையில் சண்டை. சுற்றுலாக்காரர்களுக்கென்று யாரோ நடத்தி மூடிய இடத்திலிருந்து கடைக்காரர் அதைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி வந்திருந்தார்.

ஏலக்காய் எடுக்கும் பெண்களைக் கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏற்றி அந்த முக்கில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவது என் வேலை. நான் எட்டாவது பாதியில் நின்றவன். திராட்சைப் பந்தலுக்கடியில் மருந்தடித்தேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், போர்வெல் லாரியோடு வடக்கே போனேன். சில இடத்தில் சம்பளம் வரவில்லை. சில இடத்தில் எனக்கே இருப்புக் கொள்ளவில்லை.

பெட்டியில் இருந்ததெல்லாம் ஜப்பான் எழுத்து. எப்படி ஆடுவது என்று ஒட்டியிருந்த தாளும் அதே எழுத்துதான். காலேஜ் பையன்கள் வந்தாலும் என்னைப்போல ஒவ்வொரு பொத்தானாக அமுக்கித்தான் பார்க்கவேண்டும். அது எனக்குப் பிடித்தது. போனில் இருக்கும் விளையாட்டு, தோற்றால் மறுபடி வா வா என்று நைச்சியம் பண்ணும். இந்தப் பெட்டி அடித்துப் போட்டுவிட்டுச் சும்மா நிற்கும்.

அதில் வரும் ஆட்களும் ஒரு மாதிரியானவர்கள். ஒருத்தி மீனால் அடிப்பாள். ஒருத்தன் சண்டை நடுவில் உட்கார்ந்து சோறு தின்பான். நான் எடுத்தது குட்டைத் தொந்திக்காரனை. கை எட்டாது, குதிக்கவும் வராது. அவனுடைய ஒரே ஆயுதம் தும்மல். மூச்சை இழுத்துக் கடையே அதிரத் தும்மினால் எதிராளி அந்தக் கோடியில் போய் விழுவான். டிரைவர்கள் யாரும் அவனைத் தொடுவதில்லை. புறப்படும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால், தண்ணீர் குடித்துச் சற்று உட்கார்ந்துதான் வண்டி எடுப்பார்கள். இறங்குவது கொண்டை ஊசி வளைவுகளில்.

வேறு நேரம் பார்த்து ஆடவும் வழியில்லை. பகல் முழுக்க ரொட்டி சுடும் கரண்ட் அடுப்பு ஓடும். அது அணைந்த பிறகுதான் கடைக்காரர் பெட்டியைப் போட விடுவார். பெண்கள் வேலை முடிந்து டீ குடிக்க வருவதும் அந்த நேரத்தில்தான்.

ஒரு சாயங்காலம் தொந்திக்காரன் தும்மி முடித்த கையோடு வண்டியை எடுத்தேன். பாதி மலையில் பஞ்சர். ஆள் சேர்த்துக் கூட்டிவரும் அக்கா இறங்கி, சக்கரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஏப்பா, அந்தத் தொந்திப்பய தும்முனப்பவே நெனச்சேன்."

"டயரு மொட்டையாப் போச்சுக்கா. அதுக்கு அவன் என்ன செய்வான்?"

"நேத்தும் மொட்டைதான. நேத்து போகலையே?"

நான் ஜாக்கியை எடுத்துச் சக்கரத்துப் பக்கம் குனிந்தேன்.

"இனிமே தும்முனா ரெண்டாத் தும்மட்டும். ரெட்டைத் தும்மலுக்குத் தோசமில்ல. ஒத்தையாத் தும்முனா நாங்க அடுத்த ஜீப்புல ஏறிக்கிருவோம்."

மறுநாள் பக்கத்து ஜீப் டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மாப்ள, அந்தக்கா சொன்னா சொன்னதுதான். போன வருசம் ஒருத்தனைக் கழட்டி விட்டாக. அவன் இன்னமும் ஆள் தேடுறான். ஆள் இல்லேன்னா மொதலாளி ஒனக்கு ஜீப்பு தருவாரா? வேற ஆளை எடுத்து ஆடு."

"இவனை வச்சு முடிக்கணும்."

"நீ எதைத்தான் முடிச்சிருக்க? எட்டாங் கிளாஸையா?"

"அதையும் முடிக்கல. அதனாலதான்."

ரெட்டைத் தும்மல் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது. தேடினேன். முதல் தும்மல் வெளியே வரும்போதே அடுத்த மூச்சை இழுக்கவேண்டும். முந்தினால் தும்மலே வராது, பிந்தினால் ஒற்றையாகிவிடும். ஒற்றைக்குப் பயந்து முந்தியே அமுக்கினேன். தும்மாமலே அடிவாங்கித் தோற்ற சாயங்காலங்கள் நிறைய. பெண்கள் டீ கிளாஸோடு பின்னால் நின்று எண்ணினார்கள்.

"ஒண்ணு... ரெண்டு. சரி, பொழச்ச."

"அண்ணே, அந்தாளுக்கு ஒரு கசாயம் வச்சுக் குடுங்க. பாவமா இருக்கு" என்றாள் அவர்களில் ஒரு பெண்.

பிடிபட்ட பிறகுதான் தெரிந்தது, ரெட்டைக்கு வலு அதிகம். கடைசி எதிராளி நெட்டையான குடைக்காரன். தும்மினால் குடையை விரித்துத் தடுத்துவிடுவான். ரெட்டையாகத் தும்மினால் முதலாவது குடையைப் பறக்கடிக்கும், இரண்டாவது ஆளை அடிக்கும். அப்படியும் பல நாள் அவனிடம் தோற்றேன்.

ஒரு சாயங்காலம் அவனுக்கும் எனக்கும் உயிர் நூலளவு மிஞ்சி நின்றது. குடை கீழே கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தான். ஒரு தும்மல் போதும், விழுந்துவிடுவான். விழுந்தால் ஆட்டமே முடிந்தது. இரண்டாவது தும்மலுக்கு இடமில்லை. இத்தனை நாள் பார்த்துப் பார்த்து அக்காவுக்கும் ஆட்டம் புரிந்திருந்தது.

"ஏப்பா" என்றார். அவ்வளவுதான்.

அமுக்கினேன்.

குடைக்காரன் விழுந்தான். அக்கா கிளாஸை வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்து ஜீப்பில் ஏறினார். மற்றவர்களும் நெருக்கிக்கொண்டு அதிலேயே ஏறினார்கள். கசாயம் சொன்ன பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவளும் அதில்தான் ஏறினாள்.

திரையில் தொந்திக்காரன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். கீழிருந்து மேலாக எழுத்து ஓடியது. ஒன்றும் புரியவில்லை. ஓடி முடியும்வரை நின்று பார்த்தேன். பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெறும் ஜீப்பை மெதுவாக இறக்கினேன்.

மறுநாள் விடியுமுன்னே கம்பத்தில் வழக்கமான இடத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பக்கத்து ஜீப்பும் வந்தது. அக்கா தூக்குச்சட்டியோடு வந்து இரண்டுக்கும் நடுவில் நின்றார்.

"முடிச்சுட்டயா?"

"முடிச்சுட்டேன்க்கா."

"மறுபடியும் மொதல்ல இருந்து ஆடுவயா?"

"இல்லக்கா. அவனோட எனக்கு வேலை முடிஞ்சது."

அக்கா என் ஜீப்பின் முன்சீட்டில் தூக்குச்சட்டியை வைத்து ஏறி உட்கார்ந்தார். பாதிப் பேர் அவர் பின்னால் ஏறினார்கள். மீதிப் பேர் பக்கத்து ஜீப்புக்குப் போனார்கள். பாதி ஆளை ஏற்றிப் போனால் டீசலுக்குத்தான் கட்டும். மீதிப் பேரை எப்படித் திரும்பச் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.