போய்ட்டு வா என்று இங்கிலீஷில் சொன்னேன்

இந்த ஊர்க்காரர்கள் மூக்கைக் கைக்குட்டையில் சிந்தி, அதை அழகாக மடித்து, மறுபடி சட்டைப்பைக்குள்ளேயே பத்திரப்படுத்திக்கொள்கிறார்கள். வந்த புதிதில், பஸ்ஸில் பக்கத்திலிருந்த கனவான் ஒருவர் அப்படிச் செய்ததைப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன். தெருவோரம் சிந்திப் போட்டுவிட்டுப் போகிற நம்மைப் பார்த்தால் இவர்கள் முகம் சுளிப்பார்கள். எது சுத்தம் என்பதில் இரண்டு தேசமும் ஒத்துப்போகாது. நடுவில் நான் நர்ஸ் தொப்பியோடு நிற்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் அந்தக் கைக்குட்டைகளுக்கு ஓய்வே கிடையாது. ஹாங்காங் ஜுரம் வந்திருக்கிறது.

ஜுரம் நர்ஸுகளையும் விடவில்லை. உடம்பு தேறி நிற்கிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால், வார்டின் தலைமை நர்ஸான சிஸ்டர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். அதை நினைத்தால் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. எங்கள் வார்டு ஞாபகம் தப்பிய வயோதிகர்களுடையது. டாக்டர்கள் டிமென்ஷியா என்று எழுதுவார்கள். ஜுரம் பரவாமலிருக்க, வெள்ளிக்கிழமையிலிருந்து பார்வையாளர் யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. அதற்குள் ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்தாக வேண்டும். வீட்டுக்கு அழைத்துப் போனால் கட்டில் வேறொருவருக்குப் போய்விடும். இங்கேயே விட்டால் ஜுரம் தணியும்வரை முகம் பார்க்க முடியாது. அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. மருந்துக்கோப்பை நீட்டிக்கொண்டிருந்த காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெள்ளைக்காரர்களுக்கு யோசனை சொல்கிறாள் என்றால் சும்மாவா? முதல் நாள் கண்ணாடி முன்னால் நின்று பேசிக்கூடப் பார்த்தேன்.

விட்டுப் போனவர்களும் கல்நெஞ்சர்கள் இல்லை. மனைவியைத் தூக்கி உட்கார வைக்கத் தெம்பில்லாத ஒரு கிழவர், என்னிடம் பத்து முறை கேட்டுவிட்டு, விடுவதே நல்லது என்று தீர்மானித்தார். நானும் அதுவே சரி என்றேன். ஆனால் டோரிஸ் விஷயத்தில் என் மனம் ஒப்பவில்லை. டோரிஸ் கல்யாணம் செய்துகொள்ளாதவள், காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அப்பா ஹாரியும் அவளும் ஹாரியின் சொந்த வீட்டில் இருந்தார்கள். கீழே விழுந்து கை முறிந்து வந்தவருக்கு இப்போது கை கூடிவிட்டது. பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மாள் தயார். பிறகு ஏன் விட்டுப் போகிறாய் என்று கேட்டேன். டோரிஸ் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: சாயங்காலமானால் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாராம், வீட்டுக்குப் போக வேண்டும் என்பாராம். இதுதான் உங்கள் வீடு என்று இவள் சொல்லச் சொல்ல அவருக்கு ஆத்திரம் வரும். கதவைப் பூட்டினால் இடிப்பார். அப்படி இடித்துத்தான் விழுந்தார்.

"நான் பிறந்த வீடு அது. அதுல நின்னுக்கிட்டு என்னை யாரோன்னு பார்க்கிறாரு. என்னால முடியல, நர்ஸ்."

எனக்குப் பெரியப்பாவைப் பார்த்தது போல இருந்தது. காஞ்சிபுரத்தில் அப்போது காலரா. ஊசி போடுகிறவர்கள் பஸ் நிலையத்திலேயே ஆளைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்த சமயம். நான் நர்ஸ் படிப்பு முடித்து வீட்டிலிருந்தேன். தறிக்காரரான பெரியப்பாவுக்கு ஞாபகம் தப்பிப்போயிருந்தது. விடிந்தால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டு, "வூட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுவார். நிற்பதே அவர் வீட்டில்தான். போகிற வழியில் எந்தக் குழாயில் எந்தத் தண்ணீரைக் குடிப்பாரோ என்று எங்களுக்குப் பயம். பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், தென்னேரியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அவரை அனுப்பிவிடலாம் என்றார். சித்தப்பா அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார். படித்தவள் என்று என்னைக் கேட்டார்கள். நான் தூக்க மாத்திரை என்றேன். வீடே இரண்டுபட்டது.

ஒரு காலையில் நாங்கள் இப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போதே அவர் படியிறங்கிவிட்டார். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பதில் அண்ணிக்கு அசையாத நம்பிக்கை. மாமனாரிடம் கேட்பதாவது. "போய்ட்டு வாங்க மாமா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டுத்தான் பதறி, காய்ச்சின தண்ணீர் கூஜாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். நானும் ஓடினேன். தெருவின் நடுவே நீளத்துக்குப் பட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்றப்போகிற நீள இழைகளை, இழுத்துக் கட்டியிருந்தார்கள். பெரியப்பாவுக்கு எதிர்ச்சந்துக்குப் போக வேண்டும். பாவைத் தாண்டக் கூடாது என்பது எல்லாம் மறந்த அந்த மனுஷனுக்கு மறக்கவில்லை. பாவின் ஓரமாகவே, அறுந்த இழை இருக்கிறதா என்று பார்த்தபடி கடைசிவரை நடந்தார். முனையைச் சுற்றினார். சந்தை மறந்துவிட்டு, மறுபக்கம் இழை பார்த்துக்கொண்டே திரும்பி வந்தார். எங்கள் வாசலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"வூடு வந்துடுச்சி. தண்ணி குடும்மா."

அதன்பின் தென்னேரிப் பேச்சும் இல்லை, பூட்டுப் பேச்சும் இல்லை. விடிந்தால் அவர் கிளம்புவார், யாராவது கூஜாவோடு பின்னால் போவோம், தெருவைச் சுற்றி வீடு வந்து சேர்வார். காலரா போன பிறகும் வெகுகாலம் அப்படித்தான் ஓடியது.

இதையெல்லாம் டோரிஸிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பாவு என்றால் என்ன என்று விளக்கவே பாதி நேரம் போயிற்று. அப்பா கிளம்பினால் மறிக்காதே, லெட் ஹிம் கோ அண்ட் கம் என்று முடித்தேன். டோரிஸ் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அழைத்துப்போகிறேன் என்று சிஸ்டரிடம் சொல்லப் போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். முடியாவிட்டால் ஹாரி எப்போது வேண்டுமானாலும் வார்டுக்குத் திரும்பி வரலாம், கட்டில் காத்திருக்கும் என்று வாக்குக் கொடுத்தாயாமே, யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்றார்.

கோ அண்ட் கம்! போய்ட்டு வா என்பதை அப்படியே இங்கிலீஷில் கொட்டினால் வேறு என்ன ஆகும்? எங்கள் பாஷையில் வருவதைச் சேர்க்காமல் போவதைச் சொல்ல மாட்டோம் என்று சிஸ்டருக்கு விளக்கினேன். அவர் சிரித்தார். ஆனால் டோரிஸிடம் நீயே போய்ச் சொல் என்றும் சொல்லிவிட்டார். சொன்னேன், கட்டில் காத்திருக்காது என்று. அவள் முகத்திலிருந்த வெளிச்சம் முழுக்கப் போய்விட்டது. அப்படியென்றால் இங்கேயே இருக்கட்டும் என்று பையை எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஹாரி கோட்டுப் பித்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வார்டு வாசலில் வந்து நின்றார். வீட்டுக்குப் போகிறேன் என்றார். டோரிஸ் வாயைத் திறக்குமுன் நான் கதவைத் திறந்துவிட்டேன். குளிர் முகத்தில் அடித்தது. மூவரும் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை ஒருமுறை சுற்றினோம். சமையலறைப் பக்கம் முட்டைக்கோஸ் வேகும் நாற்றம். ஹாரி ஒவ்வொரு ஜன்னலையும் எட்டிப் பார்த்து, யாருக்கோ தொப்பியைத் தூக்கிக் காட்டி, நிதானமாக வந்தார். புறப்பட்ட கதவுக்கே வந்ததும் கால்மிதியில் ஷூவை நன்றாகத் தேய்த்தார்.

"வந்துட்டோம். டீக்குக் கெட்டில வை, டோரிஸ்."

அவள் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டோரிஸ் சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்தக் கட்டடத்தையே வீடு என்று நினைக்கிறவர், என் சமையலறையை நினைக்க மாட்டாரா என்று கேட்டாள். உறுதியாக எனக்குத் தெரியாது என்றேன். இந்த முறை ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. கட்டில் இல்லை என்பதையும் திரும்பச் சொன்னேன். தெரியும் என்றாள். நாளைக்கு டாக்ஸி கொண்டுவருகிறேன் என்றாள்.

மறுநாள் மத்தியானம் டாக்ஸி வந்தது. எனக்கும் அப்போதுதான் வேலை முடிந்திருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். டோரிஸ் முன்னால் ஏறினாள். பின்னால் உட்கார்ந்த ஹாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நகர்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"ஏறும்மா. குளிர்ல நிக்கிறியே. உன்னை வீட்டுல விட்டுட்டுப் போறோம்."

டோரிஸுக்குச் சங்கடம். நர்ஸ் வீடு கடல் தாண்டி இருக்கிறது, அப்பா, என்றாள். அதனால் என்ன என்பது போல அவர் இருக்கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். டோரிஸ் டிரைவரிடம் ஏதோ முணுமுணுத்தாள். கார் ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுச் சுற்றி, அதே வாசலில் வந்து நின்றது. ஹாரி என் முழங்கையைத் தாங்கி இறங்கச் சொன்னார்.

"உன் வீடு வந்துடுச்சு, போ."

இறங்கினேன். ஆமாம், வந்துவிட்டது என்றேன். டாக்ஸி முனை திரும்பி மறைகிறவரை, நானும் அதை நம்பிக்கொண்டு நின்றேன்.