தாய்மாரின் தலையில் போட்ட சாவுகள்

1. ஒரு கோட் நம்பர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குக் கோபம் வந்தது. மொன்றியல் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுத் திட்டம். நூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலேய மில் நகரம் ஒன்றின் இறப்புப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு கோட் நம்பர்.

கோடை மாதங்களில் கைக்குழந்தைகள் வயிற்றோட்டத்தில் வரிசையாகச் செத்திருந்தன. பக்கத்தில் அந்த ஊர்ச் சுகாதார அதிகாரியான டாக்டர் எழுதியிருந்தார்: “தாயின் கவனக்குறைவு.” அதற்கும் ஒரு கோட் வைத்திருந்தார்கள்.

திட்டத்தை நடத்தியவள் நிர்மலா. சென்னைக்காரி, என் மகள் வயது.

“பிள்ளை, இதென்ன நோயின்ரை பேரே? நான் அடிக்க மாட்டன்.”

“ஆன்ட்டி, டாக்டர் எழுதினத அப்படியே போடணும். அதான் ரூல்.”

“அந்தாள் எத்தினை பிள்ளை பெத்தவராம்?”

சிரித்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை இந்தச் சாவுக் காரணங்களின் அட்டவணை வெளியீட்டுக்குப் போகும் என்றாள். போனால், இன்னும் நூறு வருடத்துக்கு அந்தத் தாய்மார்தான் குற்றவாளிகள்.

2. அடுத்த மேசை

நான் யாழ்ப்பாணத்தில் வாளிக் கக்கூஸ் இருந்த ஒழுங்கையில் வளர்ந்தவள். வாளி எடுக்க ஆள் வராத நாளில் அதில் மொய்த்த இலையான், அதுதான் ஈ, பிறகு எந்தக் குழந்தையின் பாலில் போய் இருக்கும் என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

குழந்தைகளின் விலாசங்களைப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே தெரு. அதே நகரத்தின் கக்கூஸ் பரிசோதனைப் பதிவேட்டை அடுத்த மேசையில் வேறொருவர் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் நடத்தும் லட்சணம்!

வீட்டு இலக்கம் இலக்கமாகப் பொருத்தினேன். குழந்தைகள் செத்த தெருவில் வாளி. அடுத்த தெருவில் தண்ணீர்க் கக்கூஸ். அங்கேயும் தாய்மார் அதே மில்லுக்குப் போனவர்கள்தான்; ஆனால் அந்தத் தெருப் பிள்ளைகளின் பெயர் இறப்புப் பதிவேட்டில் அரிதாகவே இருந்தது. பிறகு வாளித் தெருவுக்கும் தண்ணீர்க் கக்கூஸ் வந்தது. அடுத்த கோடையே சாவு மளமளவென்று குறைந்தது.

வெள்ளிக்கிழமை காலை தாளை நிர்மலாவின் முன்னால் போட்டேன்.

“பார். தாய்மார் அதே ஆக்கள்தான். வாளி போன உடனை கவனம் வந்திட்டுதோ?”

விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள்.

“ஆன்ட்டி, டாக்டர் வசமா மாட்டிக்கிட்டார்!”

அங்கேயே போன் எடுத்து அட்டவணையை நிறுத்தினாள். அந்தக் கோட் போனது. அதிகாரி எழுதியது “அதிகாரியின் கருத்து” என்று தனிக் கட்டத்துக்குப் போனது. ஒவ்வொரு வரியையும் நானே மாற்றினேன். சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களே, நோயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதர் மேல் பழி எழுதியிருந்தால் கீபோர்டிலிருந்து கையை எடுங்கள். எழுந்து போய் அடுத்த மேசையில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.