எதிர் ஜன்னலுக்குப் போன வெயில்

ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்ததால் வீட்டில் அவளுக்குக் கடைக்குட்டி என்றே பெயர் நின்றுவிட்டது. பால் குடிக்கும் வயதில் நெஞ்சில் சளி கட்டி, மருத்துவரே கையை விரித்த பிறகும் தேறி எழுந்தது, அவள் ஜெயித்த முதல் காரியம். எட்டு வயதில் சூடான இஸ்திரிப் பெட்டி மணிக்கட்டில் விழுந்து தோல் உரிந்தது. இந்தக் கை இனி பாரம் தூக்காது என்றார்கள். அந்தக் கையால்தான் பிற்காலத்தில் கரி நிரப்பிய பெட்டியைத் தூக்கிப் பிழைத்தாள். சந்துமுனையில் மேசை போடவிடாமல் விரட்டிய கடைக்காரர், ஒரு வருடம் கழித்துத் தன் சட்டைகளையே அவளிடம் கொடுத்தனுப்பினார். எல்லாவற்றுக்கும் மேலாக, மாடாய் உழைத்து இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டைத் தனதாக்கிக்கொண்டாள். கூரை தகரம்தான். ஆனாலும் காலி செய் என்று யாரும் வந்து நிற்க முடியாத தகரம்.

அந்தத் தகரத்துக்குக் கீழே கோடையைத் தள்ளுவதுதான் அவளுக்குக் கைவராத வித்தையாக இருந்தது.

கோடை முற்றிய பிறகு உடம்பு எப்படியோ பழகிவிடும். தொடக்கம்தான் பெரும்பாடு. நேற்றுவரை போர்த்திக்கொண்டு படுத்த வீடு, இன்று காலைப் பொழுது தாண்டுவதற்குள் அடுப்பாகிவிடும். கடைக்குட்டிக்கு வேலை செய்யும் இடமும் வீடுதான். முன்னறையில் மேசை, அதன்மேல் மடித்த கம்பளி, அதற்குமேல் ஒரு வெள்ளைத் துணி. தலைக்கு மேலே தகரம், கையில் கரி நெருப்பு, நடுவில் அவள். விசிறியும் போட முடியாது. போட்டால் பெட்டியிலிருந்து சாம்பல் பறந்து யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இருந்த ஒரே விசிறி உள்ளறையில் குழந்தைக்காக ஓடியது.

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். விடியுமுன் எழுந்து பாதித் துணியைத் தேய்த்து முடித்தாள். வாசலில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டாள். தெரு நாய் வந்து அதன் கீழே சுகமாகப் படுத்துக்கொண்டதுதான் மிச்சம். தரையில் தண்ணீர் தெளித்தாள். அது ஆவியாகி வீட்டையே அவித்தது. அவள் கணவன் டீ மாஸ்டர். நாள் முழுக்கப் பாய்லர் முன்னால் நின்றுவிட்டு வருபவன், வாசலில் கால் வைத்ததுமே நின்றுவிடுவான்.

"இதுக்குக் கடையே தேவலாம் போலிருக்கு. அப்படியே திரும்பிப் போயிரட்டுமா?"

"தாராளமா போங்க. போறப்ப உங்க மகளையும் தூக்கிட்டுப் போங்க."

மகளுக்கு இரண்டு வயது. அவளுக்காகத்தான் இத்தனை பாடும். கழுத்து, முதுகு, அக்குள் என்று ஓரிடம் விடாமல் வேர்க்குரு பொரிந்து கிடந்தது. சொறிந்து சொறிந்து புண்ணாகி, சட்டை பட்டாலே வீல் என்று கத்தும். கடைக்குட்டி ஒரு கையால் தேய்த்துக்கொண்டே மறு கையால் மகளுக்கு அட்டையை வீசுவாள். இரண்டும் உருப்படாது.

துணி வாங்க வந்த பெயின்டர் ஒருவர்தான் வழி சொன்னார். துருவைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பில் பசை கலந்து கூரைக்கு அடித்தால் பாதிச் சூடு குறையும் என்றார். அடுத்த லீவு நாளில் கணவன் கூரையேறினான். கடைக்குட்டி கீழே நின்றபடி வேலை ஏவினாள்.

"அந்த மூலைய விட்டுட்டீங்க."

"எந்த மூலை?"

"என் தலைக்கு நேரா இருக்குதே, அந்த மூலை."

"முதலாளியம்மா மேல வந்து காட்டினா வசதியா இருக்கும்."

மறுநாள் மதியம் ஒரு முக்காலியில் ஏறித் தகரத்தின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். முன்பு தொட்டால் சுடும் தகரம், உள்ளங்கையை வைத்துக்கொண்டே நிற்கும்படி இருந்தது. மூன்று நாளில் குழந்தையின் முதுகு காய்ந்து வந்தது. பகலில் அது அடித்துப் போட்டதுபோல் தூங்கியது. கடைக்குட்டி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வேலை நேரத்தில் அவள் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சந்துக்கு எதிர்ப்புறம் ஒரு மாடி அறை. அதன் ஒரே ஜன்னல் இவள் கூரையைப் பார்த்தபடி இருந்தது. பால் டிப்போவில் வேன் ஓட்டும் இளைஞன் ஒருவன் அங்கே தனியாகக் குடியிருந்தான். ராத்திரி போய்ச் சரக்கு ஏற்றி, விடியுமுன் கடை கடையாக இறக்கிவிட்டு, தெரு விழிக்கும் நேரத்தில் வந்து படுப்பான். ஊருக்குப் பகல், அவனுக்கு ராத்திரி. துருப்பிடித்த தகரமாக இருந்தவரை அது வெயிலைத் தானே குடித்துக்கொண்டது. வெள்ளை பூசியதும் குடிக்க மறுத்து, அத்தனையையும் அவன் ஜன்னலுக்குள் கொட்டியது.

எப்போதும் திறந்தே கிடக்கும் ஜன்னல் சாத்தியிருப்பதைக் கடைக்குட்டி ஒருநாள் கவனித்தாள். அடுத்த நாள் கண்ணாடிக்கு உள்ளே கம்பளி தொங்கியது. இந்த வெயிலில் கம்பளியா என்று நினைத்த அதே நொடியில் ஏன் என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை, அவசரமில்லாத துணியைப் போல, மூட்டைக்கு அடியில் செருகி வைத்தாள்.

அவனே ஒருநாள் காக்கிச் சட்டைகளோடு வந்தான்.

"கூரை ரொம்ப நல்லா இருக்குக்கா."

"உள்ள வந்து பாருங்க தம்பி. கிணத்துக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு."

"இல்ல, அதான்..." அவன் காதைச் சொறிந்தான். "பகல்ல என் ரூம்ல கொஞ்சம் வெளிச்சம் அடிக்குது. கண்ண மூடினாலும் உள்ள வருது."

"வெளிச்சம் வந்தா நல்லதுதான தம்பி. கரன்ட் பில்லு மிச்சம்" என்று அவள் சிரித்தாள்.

அவனும் கூடவே சிரித்துவிட்டுப் போய்விட்டான். ஒரு பேச்சை இரண்டாம் முறை எடுக்கத் தெரியாதவன்.

அன்றிலிருந்து அவன் சட்டைகளுக்கு அவள் காசு வாங்கவில்லை. "ஐயோ, வாங்கிக்கங்கக்கா" என்பான். "இருக்கட்டும் தம்பி, ரெண்டு சட்டைக்கு என்ன வந்துச்சு" என்பாள். அவன் அதை அன்பென்று எடுத்துக்கொண்டான். அது என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் மாலை அவன் சட்டையைத் தேய்க்கக் கொண்டுவந்து, இரண்டு வார்த்தை பேசி, கொடுக்க மறந்து திரும்ப மாடிக்கே எடுத்துக்கொண்டு போனான். படியேறும்போது கைப்பிடியைத் தடவித் தடவி ஏறினான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் அவன் மேலே போய்ச் சேரும்வரை அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பக்கத்துத் தகரத்தை மட்டுமாவது மங்கலாக்கிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். நினைக்கும்போதெல்லாம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு என்று தள்ளினாள். ஒரு மழை பெய்தால் சுண்ணாம்பு தானே கரைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டாள். மழை எங்கோ கிடந்தது.

அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி கீழ்வீட்டில் இருந்தாள். சந்தில் எது நடந்தாலும் முதலில் வாசலுக்கு வருபவள் அவள்தான். ஒருநாள் காலை தலையணை உறைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சங்கதி தெரியுமா? நம்ம மாடிக்காரன் குடிச்சிட்டு வண்டிய டிப்போ கேட்டுலயே விட்டுட்டானாம். பாலெல்லாம் ரோட்டுல ஆறா ஓடுச்சாம். வாட்ச்மேனுக்கு முட்டி பேந்துடுச்சு."

"குடிச்சான்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கண்ணப் பாத்தா தெரியல? பூனை மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை பண்ணுது பாரு. செவ்வாய்க்கிழமை சீட்டு கிழிச்சிடுவாங்களாம். நானும் ரூம காலி பண்ணச் சொல்லப் போறேன். குடிகாரன வச்சிக்கிட்டு யாரு பயந்து சாகுறது?"

கடைக்குட்டி உறைகளை வாங்கி எண்ணாமலே உள்ளே போட்டாள்.

அன்று மதியம் பெட்டியிலிருந்த கரிச்சாம்பலை முழுக்கத் தட்டி வாளியில் கரைத்துக்கொண்டு, ஏணி வைத்துக் கூரையேறினாள். எதிர் ஜன்னலைப் பார்த்த தகரம் முழுவதும் சாம்பல் குழம்பைத் துணியால் தேய்த்தாள். கால் சுட்டது. சுடட்டும் என்று நின்றாள். சாப்பாட்டுக்கு வந்த கணவன் கீழிருந்து அண்ணாந்து பார்த்தான்.

"வெளுத்தத அழுக்காக்குற இஸ்திரிக்காரிய இப்பதான் பாக்குறேன்."

அவள் துணியை மறுபடி வாளியில் முக்கினாள். எதிர் ஜன்னல் திறந்தது. பல நாளுக்குப் பிறகு கம்பளி இல்லாமல் அந்த முகம் தெரிந்தது.

"இப்ப எதுக்குக்கா இது? இனிமே பகல்ல தூங்கி நான் எங்க போகப்போறேன்."

அவள் குனிந்தபடியே கேட்டாள். "டிப்போவுல என்ன சொன்னீங்க தம்பி?"

"தூக்கமில்ல, கண்ண அசத்திடுச்சுன்னு சொன்னேன்."

"ஏன் தூக்கமில்லன்னு கேக்கலியா?"

"கேட்டாங்க. வெயிலுன்னு சொன்னேன்."

"கூரையச் சொல்லலியா?"

"கூரை என்னக்கா பண்ணும்." அவன் கொஞ்சம் யோசித்தான். "பாப்பா தூங்குதில்ல."

திட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அந்த ஒரு வார்த்தையோடு கூரையிலிருந்து இறங்குவதற்கு அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. உள்ளே அதற்குள் சூடு ஏறத் தொடங்கியிருந்தது. குழந்தை புரண்டு படுத்து முனகியது. சாம்பல் பூசியதில் பாவம் பாதி கழிந்துவிடும் என்று எங்கோ மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள் போலிருக்கிறது. ஒரு துளியும் கழியவில்லை. அவன் வேலையைச் சாம்பல் திருப்பித் தராது.

டிப்போவுக்குப் போகிறேன் என்றதும் கணவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நீயா போய் மாட்டிக்காத. என் கூரைதான் காரணம்னு சொன்னா, அப்ப வண்டிச் செலவ நீயே கட்டுன்னுவான்."

"கட்டச் சொன்னா கட்டுவோம்."

"எத வச்சு?"

"அவரு குடிக்கலன்னு எனக்குத் தெரியுது. ஏன் கண்ணு சிவந்துச்சுன்னும் எனக்கு மட்டுந்தான் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டே இங்க நின்னு தலையணை உறை தேய்க்கச் சொல்றீங்களா?"

அவன் தள்ளிய தட்டை மறுபடி இழுத்துக்கொண்டான். பிறகு, "பிள்ளையத் தூக்கிட்டுப் போ. பிள்ளை இடுப்புல இருந்தா கொஞ்சம் மரியாதையாப் பேசுவாங்க" என்றான்.

செவ்வாய்க்கிழமை டிப்போ அலுவலகத்தில் ஈரச் சிமெண்டும் புளித்த பாலும் கலந்த வாடை அடித்தது. வேன் டிரைவர் வெளியே கொட்டகையில் கைகட்டி நின்றிருந்தான். இவளைப் பார்த்துத் திகைத்தான். அவள் அவனைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"யாரும்மா நீ? அவனுக்கு அக்காவா?" என்றார் மேலாளர்.

"எதிர்வீட்டு அக்கா சார்."

"எதிர்வீட்டுக்கும் வண்டி மோதினதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கில்ல சார், என் கூரைக்கு இருக்கு."

"கூரை வந்து வண்டியில மோதிச்சா?"

பக்கத்து மேசை கிளார்க் சிரித்தார். கடைக்குட்டி அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு வெள்ளை அடித்ததிலிருந்து கம்பளி தொங்கியதுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். குழந்தையின் முதுகைத் திருப்பி வேர்க்குரு காய்ந்த தடத்தைக் காட்டி, இதற்காகத்தான் செய்தேன் என்றாள்.

"அவன் இதெல்லாம் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்ல மாட்டாரு சார். என்கிட்டயே ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு. நான் சிரிச்சுப் பேசி அனுப்பிட்டேன். புரியாம இல்ல. புரிஞ்சுதான் சிரிச்சேன்."

கிளார்க் இப்போது சிரிக்கவில்லை. முட்டியில் கட்டுப்போட்டுக் கதவோரம் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் தொண்டையைச் செருமினார். "கண்ணு சிவப்பா இருந்துச்சு, நடை தள்ளாடுச்சுன்னுதான் சார் நானும் சொன்னேன். வாடை வந்துச்சுன்னு நான் சொல்லவேயில்ல."

மேலாளர் மேசைமேல் இருந்த தாளை எடுத்துப் பார்த்தார். "சரி. குடின்னு போட்டத எடுத்துடறேன். ஆனா தூங்கிட்டே ஓட்டினவன்கிட்ட மறுபடி வண்டியக் குடுக்க முடியாது. பகல்ல பால் கிரேட் ஏத்தி இறக்கட்டும். இஷ்டம்னா இருக்கட்டும்."

"அவரு டிரைவர் சார்."

"இவ்வளவுதான் என்னால முடியும்மா. நீ சொன்னத எழுதிக் குடுத்துட்டுப் போ."

வேலை தப்பியது. வண்டி போனது. கொட்டகையில் நிற்பவன் இதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

கிளார்க் எழுதியதை வாசித்துக் காட்டினார். எதிர்வீட்டுக் கூரையின் வெளிச்சத்தால் ஓட்டுநரின் பகல் உறக்கம் கெட்டது என்று நாசூக்காக முடித்திருந்தார்.

"ஒண்ண விட்டுட்டீங்க சார். அவரு வந்து சொன்னாரு, நான் காதுல போட்டுக்கலன்னு எழுதுங்க."

"அது வேணாம்மா. உனக்குத்தான் அசிங்கம்."

"அதுதான சார் நடந்துச்சு."

அவர் எழுதிவிட்டு மைப்பெட்டியைத் தள்ளினார். வீட்டுப் பத்திரம் முதற்கொண்டு எல்லாவற்றிலும் அவள் கைநாட்டுத்தான் வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன் மாலை வகுப்பில் பெயர் எழுதக் கற்றிருந்தாலும், மேசைக்கு அந்தப்பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் பேனாவைத் தொடமாட்டாள். ஆனால் கைநாட்டை யாரும் வாசிக்க முடியாது. அது யாருடையது என்று இன்னொருவர் சொல்ல வேண்டும். இந்தத் தாளை நாளைக்கு யார் எடுத்துப் பார்த்தாலும், தப்பு யாருடையது என்று தேடாமல் தெரிய வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

"பேனா குடுங்க சார்" என்றாள்.

இடுப்பிலிருந்த குழந்தை பேனாவைப் பிடித்து இழுத்தது. கிளார்க் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மேலே ஏறிக்கொண்டே போயின. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் மடங்கிக் கீழே இறங்கியது. அதற்குக் கீழே தேதியையும் அவளே போட்டாள். 2018, ஏப்ரல் 17.