அமல்ராஜின் பணி நேரம்

நவம்பர் கடைசி வாரம், மாலை ஏழரைக்கு எழும்பூரில் முத்துநகர் விரைவு ரயில் ஏறினேன். மூன்றடுக்கு ஏசி, ஆயிரத்து எண்பது ரூபாய். தூத்துக்குடி வரை ஏறக்குறைய அறுநூற்றைம்பது கிலோமீட்டர். பையில் ஒரு மாற்றுப் புடவை, ஒரு பொட்டலம் மெழுகுவர்த்தி, நான்கு பக்கப் படிவம் ஒன்று. அந்த ஊருக்குப் போய் வந்தவர்கள் கடலைப் பற்றி எழுதுவார்கள். நான் போனது ஒரு சாவு வீட்டுக்கு. இறந்தவர் என் ஊழியர். நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

என் தொழில் என்னவென்று என் அம்மாவுக்கே இன்னும் விளங்கவில்லை. இங்கே அலுவலகம் இல்லாத வெளிநாட்டுக் கம்பெனி இங்கே ஒருவரை நேரடியாகச் சம்பளத்துக்கு வைப்பது லேசான காரியமில்லை. வருமான வரி பிடிக்க வேண்டும், வைப்பு நிதி கட்ட வேண்டும், விடுப்புக் கணக்கு வைக்க வேண்டும். அதற்காக எங்கள் சென்னை நிறுவனம் காகிதத்தில் முதலாளி ஆகிறது. வேலை அவர்களுக்கு, நியமன ஆணை எங்கள் பெயரில். சுருங்கச் சொன்னால் நான் ஒரு வாடகை முதலாளி. நெதர்லாந்துக் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தபடியே கப்பல் சரக்குப் பட்டியல்களைச் சரிபார்த்த அமல்ராஜுக்கு நான்கு வருடமாக அப்படித்தான் முதலாளியாக இருந்தேன்.

காலை 6.50. ஊர் நெருங்கும்போது உப்பளங்களில் மழைத்தண்ணீர் நின்றது. உப்புக் குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஆள் நடமாட்டமே இல்லை. மாப்பிள்ளையூரணிக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். பெயரைச் சொன்னதுமே ஓட்டுநருக்கு வீடு தெரிந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை என்பார்கள், ஆனால் ஒருநாளும் அவர் வெளியூர் போய்ப் பார்த்ததில்லை என்று வழியெல்லாம் ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தார்.

7.40. முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியிருந்தார்கள். இட்லி ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை. எனக்காகக் காத்திருந்தார்களாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அமல்ராஜின் அண்ணன் சேவியர், இருந்ததிலேயே நல்ல நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

"மொதலாளி வீட்டுக்கு வாராகன்னா, அவுக சாப்பிடாம நாங்க எப்படிச் சாப்பிடுவோம்?" என்றார்.

வெட்கமாக இருந்தது. மாதம் ஒருமுறை சம்பளச் சீட்டு அனுப்பியதைத் தவிர அந்த மனிதருக்கு நான் என்ன செய்திருக்கிறேன்?

9.15. உறவினர்கள் கலைந்தபின் படிவத்தை எடுத்தேன். விஷயம் இதுதான். பணி நேரத்தில் இறந்தால் காப்பீட்டுத் தொகை இரண்டு மடங்கு. அமல்ராஜின் மகள் பாளையங்கோட்டையில் நர்சிங் முதல் வருடம் படிக்கிறாள். ஒற்றை மடங்கு வீட்டுக் கடனோடு சரி. இரண்டு மடங்கு கிடைத்தால்தான் அவள் படிப்பு நிற்காமல் ஓடும்.

பணி நேரம் என்பது எது? 'நெதர்லாந்து நேரம் காலை ஒன்பது முதல்' என்று ஒப்பந்தத்தில் எழுதியவளே நான்தான். அங்கே வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஆணையைத் திருத்தச் சோம்பல்பட்டு அப்படி எழுதினேன். கோடையில் அந்த ஒன்பது மணி நமக்குப் பகல் பன்னிரண்டரை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறியதும் அது ஒன்றரை ஆகிவிடும். மறுநாள் திங்கட்கிழமை, பன்னிரண்டு ஐம்பதுக்கு அமல்ராஜுக்கு மாரடைப்பு. மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் அது பணி நேரம்.

ஒரு வழி இருந்தது. நேரத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தால் அதையும் பணி நேரமாகச் சேர்த்துக்கொள்வார்கள். குடும்பத்தார் அப்படி எழுதிக் கொடுத்தால் நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம் என்று நெதர்லாந்துக் கம்பெனி மேலாளரும் சொல்லியிருந்தார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். பணம் காப்பீட்டுக் கம்பெனியுடையது. எனக்கும் என் சோம்பலுக்குப் பரிகாரம் தேடியாக வேண்டியிருந்தது. அன்று அமல்ராஜ் சீக்கிரமே மேசை முன்னால் உட்கார்ந்திருப்பார் அல்லவா என்று அவர் மனைவி ரோஸ்லினிடம் கேட்டேன். கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது.

"இல்ல மேடம். எங்கூட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக."

ரோஸ்லின் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். பன்னிரண்டரைக்குச் சாப்பிட வீட்டுக்கு வருவார். கோடை நேரம் நடக்கும் ஏழு மாதமும் அவர் வரும்போது கணவர் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இருப்பார். கடிகாரம் மாறினால்தான் இருவரும் பகலில் சேர்ந்து சாப்பிட முடியும். நாளையிலிருந்து ஒரு மணி நேரம் நமக்கு என்று ஞாயிறு இரவே அமல்ராஜ் சொல்லி வைத்திருக்கிறார். விளமீன் வாங்கிக் குழம்பு வைத்திருக்கிறார் ரோஸ்லின். இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்டவர், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

சாப்பிடுவதற்கு முன் ஒரு தடவை கணினியைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று மறுபடியும் இழுத்தேன். சேவியருக்கு நான் சொல்ல வருவது புரிந்துவிட்டது. "ஏம்மா, அவுகளே வழி சொல்லுதாக. பிள்ள படிப்பு இருக்குல்லா," என்றார்.

ரோஸ்லின் அழவில்லை. என்னைப் பார்த்து நிதானமாகத்தான் சொன்னார்.

"ஏழு மாசமும் நான் வாரப்பல்லாம் கதவு சாத்தித்தான் இருக்கும். மத்த நேரம் பூரா கம்பெனிக்குத்தான் குடுத்தாக, நான் ஒண்ணும் சொல்லல. அந்த ஒரு மணி நேரம் எனக்கு உள்ளது. அதையும் ஆபீஸ் நேரம்னு எழுதிக் கேக்கீகளே மேடம். நான் குடுக்க மாட்டேன்."

மகளை எப்படியும் படிக்க வைத்துவிடுவோம் என்று ரோஸ்லின் சேவியரிடம் மெல்லச் சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மாலை 6.30. ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. நடைமேடையில் பதினைந்து ரூபாய்க்கு டீ வாங்கினேன். சென்னையில் நானும் என் கணவரும் ஒரே வீட்டிலிருந்து வேலை பார்க்கிறோம். மதியச் சாப்பாட்டை ஆளுக்கொரு கணினி முன்னால் முடித்துக்கொள்கிறோம். அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. படிவத்தை மடிமேல் வைத்துக்கொண்டேன். இறக்கும்போது ஊழியர் பணியில் இருந்தாரா என்ற கேள்விக்கு இல்லை என்று குறித்தேன். அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அடுத்த கேள்வி.

'மனைவியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்' என்று எழுதிக் கீழே முதலாளி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.