கைசுவின் ஊசி நிற்கும் இடம்

கைசு பின்னிக்கொண்டிருக்கிறாள். மேசையில் ஆளுக்கொரு காப்பி, நடுவில் ஏலக்காய் ரொட்டி. அவள் மடியில் மட்டும் சாம்பல் நிறக் கம்பளி நூல். கூட்டம் முடியும்வரை குனிந்த தலை நிமிராது. இவள் கேட்கிறாளா, தூங்குகிறாளா என்று புதிதாக வந்தவர்கள் குழம்புவார்கள். எனக்கு அந்தக் குழப்பம் இல்லை. நான் அவள் ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது ஒரு நல்ல சொல்லைச் சொல்லிவிட்டால் அது சட்டென்று நின்றுவிடும்.

பின்லாந்தின் யுவஸ்கூலா ஊரில், சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்கு அடுப்பு செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. அடுப்புக்குள் இருக்கும் சின்னக் கணினிக்கு நிரல் எழுதுகிறவன் நான். பல வருடங்களாக வரி வரியாகக் கையால் எழுதியவன். கைசு செய்வது வேறு. அடுப்புக்காரர்கள் தங்களுக்குள் பேசும் சொற்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் திரையில் ஒரு கட்டமாக்குவாள். ‘கல்’ ஒரு கட்டம். ‘பொறு’ ஒரு கட்டம். காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றியதும் எழுந்து உடம்பைத் தழுவுகிற ஆவியை நாங்கள் லோயிலு என்போம். அதுவும் ஒரு கட்டம். கட்டங்களை அம்புக்குறியால் இணைத்தால் போதும், நிரல் தன்னைத் தானே எழுதிக்கொள்ளும். நிரலின் வாசனையே அறியாத ஆள் படம் போட்டு அடுப்பை ஆட்டிவைக்கலாம். அப்புறம் நான் எதற்கு? இதை நான் அவளிடம் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

கட்டத்துக்குச் சொல் கொடுத்தவருக்கு அவள் பின்னிய காலுறை உண்டு. அடுப்புகளைச் சோதிக்கும் ரெய்யோ ஒருநாள், “தண்ணி ஊத்தின உடனே சூட்டை ஏத்தாதீங்கப்பா, கல்லு கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்” என்று அலுத்துக்கொண்டான். ஊசி நின்றது. சில நாளில் திரையில் ‘மூச்சு’ என்றொரு கட்டம் முளைத்தது, ரெய்யோவின் காலில் பட்டை போட்ட காலுறை ஏறியது. பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வருகிற இடம். யார் காலில் என்ன என்பது ஊருக்கே தெரியும். பொட்டலம் கட்டும் பெண்கள் வரைக்கும் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

“என்ன ஹன்னு, உன் காலு இன்னும் கடைச் சரக்குலதான் இருக்கா?” என்று ரெய்யோ கேட்பான். அவனுக்கு இரண்டாவது ஜோடியையும் அவள் தொடங்கியிருந்தாள்.

நானும் முயன்று பார்த்தேன். ராத்திரி யோசித்து வைத்த சொற்களைக் காலையில் கூட்டத்தில் வீசுவேன். ‘வெப்ப மாறுவீதம்’ என்றபோது ஊசியின் வேகம் கூடியதாகவே தோன்றியது. பிறகு தலை நிமிராமல் ஒரு கேள்வி கேட்பாள். அது அவளுடைய ஒரே கேள்வி, ஊரில் எல்லோரும் அவளைப் போலவே சொல்லிக்காட்டிச் சிரிக்கும் கேள்வி.

“ஹன்னு, இது அடுப்புக்காரங்க சொல்லா, உன் சொல்லா?”

வயிறு எரியும். எரிகிற வயிற்றுக்கு ஒரே ஆறுதல், கைசுவுக்குச் சௌனாவே ஆகாது. தலைவலி வந்துவிடுமாம். கம்பளித் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு, சூடு குறைவென்று குழந்தைகள் உட்காரும் கீழ்ப்படியில் ஓரமாக உட்காருவாள். முதல் கரண்டித் தண்ணீர் கல்லில் விழுவதற்குள் வெளியே போய்விடுவாள். நீச்சல் தெரியாதவள் படகுக்காரர்களுக்கு மொழி செய்து கொடுக்கிறாள், அதற்கு இத்தனை கைதட்டல்.

போன வாரம் சோதனை. ரெய்யோவே கட்டங்களை இணைத்தான். நான் ஒரு வரி தொடவில்லை. அடுப்பு காய்ந்தது. எண்பது டிகிரி, இம்மியும் பிசகவில்லை. ஆனால் உள்ளே போனவர்கள் கொஞ்ச நேரத்தில் சுட்ட காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். வந்த சந்தோஷத்தை மறைக்க நான் சன்னல் பக்கம் திரும்பி ஏரியைப் பார்க்க வேண்டியிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். கல் அளவுக்கு மீறிக் காயும்போது மின்சாரத்தைக் கொஞ்சம் அடக்குகிற சில வரிகள் என் பழைய நிரலில் உண்டு. என் காது வெந்த அன்று எழுதியவை. அதற்கு நான் வைத்த பெயர் ‘திருத்தம் இரண்டு’. கைசு அதை எப்போதோ கண்டுபிடித்துக் கேட்டிருந்தாள்.

“இந்தத் திருத்தம் ரெண்டு எதுக்கு ஹன்னு?”

“கணக்கு சரியா வர்றதுக்கு” என்றேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அடுப்புக்காரர் சொல் இல்லை என்பதால் அவள் அதற்குக் கட்டம் போடவில்லை.

சோதனை முடிந்ததும் எல்லோரையும் மேசைக்கு அழைத்தார் மேலாளர் யார்மோ. “இன்னைக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா இந்தப் படம் போடற வேலையே வேண்டாம். ஹன்னு எழுதினதையே வெச்சுக்கலாம்.”

ஆளாளுக்கு எண்களைச் சொன்னார்கள். எண்ணைக் காட்டும் திரை எதிரே இருந்தால் அடுப்புக்காரனும் எண்ணில்தான் பேசுவான். ரெய்யோகூட, “எழுபத்தஞ்சுல வெச்சுப் பாக்கலாமா?” என்றான். கைசுவின் ஊசி ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் அவள் உதடு வெளுத்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அடுப்பு எனக்கே திரும்பி வந்துவிடும்.

மூடிக்கொண்டுதான் இருந்தேன். மேசைக்கடியில் ரெய்யோ கால்மேல் கால் போட்டு, அந்தப் பட்டைக் காலுறையை ஆட்டிக்கொண்டே இருந்தான். எத்தனை நேரம்தான் பார்ப்பது!

“சூடு சரியாத்தாண்டா இருக்கு!” என்று அவனிடம் கத்தினேன். “லோயிலு கோவமா வருது. அதான் காதைக் கடிக்குது!”

எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த பேச்சு அது. அன்று அந்த மேசையில் யார் வாயிலும் வரவில்லை.

ஊசி நின்றது.

“கோவம்” என்று கைசு மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். “அது எப்ப வரும் ஹன்னு?”

“கல்லை ரொம்பக் காயவிட்டா.”

“அப்போ திருத்தம் ரெண்டு...”

“ம்” என்றேன். அடுப்பு என் கையை விட்டுப் போனது எனக்கே கேட்டது.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு மேசைக்கடியில் குனிந்தாள். பாதி பின்னிய காலுறையை என் பாதத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஊசியை உருவிவிட்டு, ரெய்யோவின் அளவுக்குப் பின்னியிருந்ததில் நாலு வரிசையைப் பிரித்தாள்.